சீரியஸ், உடனே கிளம்பி வா

பிரெஞ்சு மொழியில் என்னால் பல் மருத்துவரிடம் நேரம் வாங்க முடியும். ரயில் தாமதமாக வந்ததற்கு நாகரிகமாகக் கோபித்துக்கொள்ள முடியும். விடுதியில் ஜன்னல் வைத்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியும். முதுகலை முதலாண்டில் எங்களுக்குத் தொலைபேசி உரையாடல் என்று ஒரு தேர்வே இருந்தது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, இல்லாத போனைக் காதில் வைத்துப் பேச வேண்டும். இல்லாத பல்வலிக்கு நான் முனகிய முனகலைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அந்தத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண்.

நிஜமாகவே ஒரு பிரெஞ்சுக்காரரிடம் போனில் நான் பேசிய முதல் பேச்சு அந்தத் தேர்வில் வரக்கூடியது இல்லை. எந்தத் தேர்விலும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீடு வில்பட்டியில். அம்மா சொந்தக் காட்டில் கேரட்டும் பீன்ஸும் போடுகிறாள். அப்பா கொடைக்கானல் ஸ்டாண்டில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். நான் பிரெஞ்சு படித்தது அவருடைய யோசனை. "இங்கிலீஷ் பேசுறவன் ஸ்டாண்டுல ஏகப்பட்ட பேரு கெடக்கான். பிரெஞ்சு பேச ஒரு நாதி இல்ல. நீ அதப் படி தாயி" என்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல், வணக்கமும் நன்றியும். அதை வைத்துக்கொண்டு அவர் ஏரியைச் சுற்றி வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரிந்தார். சொந்தக்காரர்களுக்கு என் படிப்பு பெரிய வேடிக்கை. "பிரெஞ்சு படிச்சிட்டு வந்து யாருகிட்ட பேசப் போறா, கேரட்டுகிட்டயா?" என்று சித்தப்பா கேட்டதற்கு, "அதுவும் சீமைக் காய்தான, அதுக்குப் புரியும்" என்றாள் அம்மா.

பல்கலைக்கழகம் கீழே, கடல் பக்கத்தில். மலையில் பிறந்தவளுக்கு அந்த வெயில் ஒரு தண்டனை. காலையில் பிரெஞ்சு மொழியும் பண்பாடும், மதியத்துக்கு மேல் மொழியியல். காலையில் இப்படிச் சொல் என்பார்கள், மதியம் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பார்கள். பண்பாட்டு வகுப்பில் கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொல்வது எப்படி என்று கற்றோம். ரொட்டியை மேசைமேல் குப்புறப் போடக் கூடாது என்று கற்றோம். விருந்துக்குப் போகும்போது செவ்வந்திப் பூ கொண்டுபோகக் கூடாது, அங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ என்றும் கற்றோம். நிலக்கோட்டைப் பக்கம் செவ்வந்தித் தோட்டம் வைத்திருந்த வகுப்புத் தோழி ஒருத்தி, "அப்ப எங்க ஊரு பூராவும் சுடுகாடுதான்" என்று முணுமுணுத்தாள். சாவைப் பற்றி அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

மொழியியல் வகுப்பில்தான் நான் சாவைத் தேடிப் போனேன். வாயால் சொல்லக் கூசுகிற விஷயங்களை மனிதர்கள் எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எங்கள் ஊரில் சாவுச் சேதி சொல்லும் விதத்தை எடுத்துக்கொண்டேன். தவறிட்டாங்க, போய்ச் சேந்துட்டாரு, மௌத்தாயிட்டாங்க என்றெல்லாம் நேரில் சொல்வதுண்டு. வெளியூரில் இருப்பவருக்குப் போன் போட்டால் அதுகூடக் கிடையாது. "சீரியஸ், உடனே கிளம்பி வா" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கேட்பவரும் துருவ மாட்டார். பெரியப்பா இறந்த அன்று திருப்பூரில் இருந்த அத்தை மகனுக்கு அப்பா அப்படித்தான் சொன்னார். அந்த முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. "எப்ப எடுக்குறீங்க?" என்றுதான் கேட்டார்.

சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், இருவருக்கும் தெரியும் என்பது இருவருக்கும் தெரியும், ஆகவே இது பொய் ஆகாது என்று எழுதினேன். பேராசிரியை அதை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். மழை ஓய்ந்து, பகலிலேயே மூடுபனி இறங்குகிற மாதம். வெள்ளனே ஜீப்பை எடுத்துக்கொண்டு போன அப்பா மதியத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தார். நான் அம்மாவோடு பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தேன். காட்டு ஓரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்காமலேயே கூப்பிட்டார்.

"அந்தச் சோலியப் போட்டுட்டு வெரசா வா. ஆஸ்பத்திரில ஒரு பிரெஞ்சுக்காரப் பையன். அவன் போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு. எடுத்துப் பேச ஆளில்ல."

"பையனுக்கு என்னப்பா?"

அப்பா கியரை மாற்றினார். "சீரியஸ்" என்றார்.

கட்டுரை எழுதியவள் அல்லவா, உடனே புரிந்துவிட்டது. பறித்த பீன்ஸை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

பஜாரில் கம்பளி, ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பாய் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றிருந்தார். அப்பாவுக்கு அவர் ரொம்ப வருஷத்துச் சிநேகிதர். அப்பா அவரை பாய் என்பார், நான் மாமா என்பேன். அந்தப் பையன் தங்கியிருந்தது அவர் கடைக்கு மேலிருந்த அறையில். காலையில் வாடகை பைக்கை எடுத்துக்கொண்டு பூம்பாறைப் பக்கம் போயிருக்கிறான். பனியில் வளைவு தெரியாமல் பள்ளத்தில் விழுந்துவிட்டான். பூண்டு ஏற்றி வந்த வேன்காரர்கள்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

"ஒன்னப் பத்திச் சொல்லி வச்சிருந்தேம்மா" என்றார் மாமா. "லீவுக்கு வருது, ஒங்க பாஷ பேசும்னு. நீ வந்தா பேசணும்னு கேட்டுக்கிட்டே இருந்தான்."

என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. எதற்கு இதை இப்போது சொல்கிறார் என்று கோபம் வந்தது.

உள்ளே ஒரு மேசை. மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன். நாங்கள் போன நேரம் அது அடிக்கவில்லை. பக்கத்தில் எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, என்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். மேலிடத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டதாகவும், தூதரகம் மூலமாக முறைப்படி சொல்வார்கள் என்றும், அதற்கு நேரம் ஆகும் என்றும் சொன்னார்.

"இது அடிச்சுக்கிட்டே இருக்கும்மா. ஆஃப் பண்ணவும் மனசு வரல. எடுத்து ஏதாச்சும் சொல்லுங்க. விஷயத்த மட்டும் இப்பச் சொல்லிறாதீங்க."

"பெத்த தாய்கிட்ட போன்ல மௌத்துன்னு சொல்லக் கூடாதும்மா" என்றார் மாமா. "சீரியஸ்னு சொல்லு. கெளம்பி வரச் சொல்லு. அவங்களுக்கே தெரிஞ்சுபோகும்."

"தெரியாது மாமா" என்றேன். "நமக்குத்தான் அப்படிச் சொன்னாத் தெரியும். அவங்களுக்கு அது வெறும் சீரியஸ்தான்."

"பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். ஒரே வாக்கியம் இங்கே சாவையும் அங்கே நம்பிக்கையையும் சொல்லும் என்று, எஸ்.ஐ. முன்னால், ஆஸ்பத்திரியில், பாடம் நடத்துகிறவள் மாதிரி. பாதியில் போன் அடித்தது. திரையில் அவர்கள் மொழியில் அம்மா என்று இருந்தது. மூன்று ஆண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எடு தாயி" என்றார் அப்பா.

எடுத்து வணக்கம் சொன்னேன். அந்த அம்மாளுக்கு முதலில் குழப்பம், யார் நீங்கள் என்றார். கொடைக்கானலில் இருந்து பேசுகிறேன், எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்றேன். "ஆ, பிரெஞ்சு பேசுகிறீர்களே" என்று அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. தன் மொழி பேச ஓர் ஆள் இருக்கிறது என்றால் அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த மூச்சுக்காக நான் அந்த மொழியையே வெறுத்தேன்.

மாமா சொன்னதைச் சொன்னேன். உங்கள் மகனுக்கு விபத்து, நிலைமை மிகவும் மோசம், உடனே கிளம்பி வாருங்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் அந்த இடத்தில் மௌனம் வரும். அவரிடமிருந்து கேள்விகள் வந்தன. எந்த ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை செய்ய ஆள் இருக்கிறார்களா, பெரிய ஊர் எவ்வளவு தூரம். இன்சூரன்ஸ் இருக்கிறது, ஹெலிகாப்டர்கூட ஏற்பாடு செய்வார்கள், எண்ணை எடுத்து வருகிறேன், போனை வைத்துவிடாதீர்கள். இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. காகிதங்கள் புரண்டன. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராகச் சட்டென்று சொன்னார், அவனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, குழந்தையில் ஒரு தடவை உயிர் போகப் பார்த்தது, இப்போதே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

"என்ன சொல்றாங்க?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"பென்சிலின் ஊசி போடக் கூடாதாம்."

 மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார் அந்த அம்மாள். என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதை அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டார். "நல்லது. இப்போது அவனிடம் போனைக் கொடுங்கள். பேச முடியாவிட்டால் பரவாயில்லை, காதில் வையுங்கள். நான் வருகிறேன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்."

அப்போது சொன்னேன். உங்கள் மகன் இறந்துவிட்டார், மேடம். இங்கே கொண்டுவரும்போதே இறந்துவிட்டார். அந்த மொழியில் அது மூன்று சின்னச் சொல்தான், முதல் மாதத்திலேயே படித்துவிடுகிற சொற்கள். முதல் பருவத் தேர்வில் அதைக் கொண்டு வாக்கியம் அமைத்த ஞாபகம், ஏதோ ஒரு ராஜாவைப் பற்றி.

அறையில் ஒருத்தருக்கும் பிரெஞ்சு தெரியாது. இருந்தும் மூன்று பேருக்கும் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. எஸ்.ஐ. எழுந்து நின்றார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த முனையில் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.  அப்புறம் அதே குரல், கொஞ்சம் சின்னதாக, "இருக்கட்டும். காதில் வையுங்கள்" என்றது.

பக்கத்து அறைதான். நர்ஸ் அக்கா ஒருவர் துணியை விலக்கினார். அவன்மேல் பூண்டு வாசனை அடித்தது, வேனில் மூட்டைகளோடு கிடந்து வந்தவன். முகத்தில் பெரிய காயம் இல்லை. காது மடலில் ஒரு சின்ன வளையம், அதில் காய்ந்த மண். அந்தக் காதில் போனை வைத்தேன். நான் குனிந்து நிற்க வேண்டியிருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது. புரியாமல் இருக்கப் பார்த்தேன். ஆனால் படித்த மொழியைப் படிக்காததாக ஆக்கிக்கொள்ள முடியாது.

அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மலையில் குளிரும் என்று சொன்னேனே, அந்த நீல ஸ்வெட்டரை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்று திட்டினார். பூனை உன் கட்டிலில்தான் தூங்குகிறது, எழுப்பினால் சீறுகிறது என்றார். நான் வருகிறேன், பயப்படாதே என்றார். நடுநடுவே ஒரு செல்லப் பெயர். அப்புறம் வெறும் மூச்சு. என் கை மரத்துப் போனது, மாற்றிப் பிடிக்கப் பயமாக இருந்தது. கடைசியில், "நன்றி மேடம், எடுத்துவிடலாம்" என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்பது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

வெளியே வந்ததும் எஸ்.ஐ. கடிந்துகொண்டார். முறைப்படி சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டதால் தனக்குத்தான் கேள்வி வரும் என்றார்.  மாமா வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

வில்பட்டி திரும்புகிற வழியில் அப்பாதான் ஆரம்பித்தார். "இருந்தாலும் பெத்தவகிட்ட இப்பிடியா பொட்டுன்னு போட்டு ஒடைப்ப?"

"அவங்க ஊர்ல நேராச் சொல்றதுதாம்ப்பா மரியாதை. ஹெலிகாப்டர் அனுப்புறேன்னு சொல்லுது அந்தம்மா. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ரெண்டு நா கழிச்சு வந்து பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா என்ன கொறஞ்சு போகும்?"

"ரெண்டு நா பூரா பிளேன்ல ஒக்காந்து பொழச்சிருவான்னு நெனச்சுக்கிட்டு வரணுமா? அதுக்குப் பேரு பாவம் இல்லையா?" எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. நாள் முழுக்க யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது, அப்பா கிடைத்தார். "எனக்கும் அப்பிடிச் சொல்லாதீங்க. யாருக்கு என்ன ஆனாலும் எனக்கு நேராச் சொல்லணும். சீரியஸ்னு சொல்லி என்னைய பஸ்ஸுல ஏத்தக் கூடாது."

"எனக்கு ஒண்ணுன்னாலுமா?"

"ஒங்களுக்குன்னாலும்தான்."

அப்பா கொஞ்ச தூரம் ஓட்டினார். "சரி" என்றார். அவர் சரி என்றால் சரிதான், அதற்கு மேல் பேச்சு இராது.

அந்த அம்மாள் வந்தார். மதுரையில் உடலுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் முடித்துவிட்டு, மகனின் சாமான்களை எடுக்க மலைக்கு வந்தார். ஒல்லியானவர், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கையில் அந்த நீல ஸ்வெட்டர் இருந்தது. மாமா கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்தார். அவனுடைய அறையை மாமாவே பெருக்கித் துடைத்து, போர்வையை மடித்து வைத்திருந்தார். அவர் அந்த மடித்த போர்வையைப் பிரித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு மாதிரி மடித்து வைத்தார்.

அந்த வளைவைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பா ஜீப்பை எடுத்தார். கிளம்புவதற்கு முன்னால் பஜாரில் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கி வந்து என் மடியில் வைத்தார். திறந்து பார்த்தால் மஞ்சள் செவ்வந்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வகுப்பில் சொன்னது அப்படியே நெஞ்சில் வந்து நின்றது. அப்புறம்தான் உறைத்தது, கல்லறைக்குரிய பூவைத்தான் அப்பா வாங்கியிருக்கிறார் என்று. எது கிடைத்ததோ அதை வாங்கினார், அவ்வளவுதான். அந்த அம்மாள் பூவைப் பார்த்ததும் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

வளைவில் பனி இல்லை. கீழே பூண்டு பாத்திகள் படிப்படியாகப் பூம்பாறை வரைக்கும் தெரிந்தன. அப்பா சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன் என்று தள்ளிப் போய்விட்டார். அந்த அம்மாள் பூவை வைத்துவிட்டு என்னிடம் பேசினார். நான் நேராகச் சொன்னதற்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என் பண்பாட்டு வகுப்பு அப்படித்தான் என்னைத் தயார் செய்திருந்தது.

"நீங்கள் முதலில் சொன்னீர்களே, நிலைமை மோசம் என்று. அதற்கு நன்றி" என்றார். "அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேலை இருந்தது. இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடினேன். பென்சிலின் ஞாபகம் வந்தது. அவனுக்காக நான் கடைசியாகச் செய்த வேலை அதுதான். நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவருக்காக ஊரோடு சண்டை போட்டு, அப்பாவிடம் கத்தி, நான் ஜெயித்து வைத்திருந்த வழக்கை இவரே வந்து தோற்கடிக்கிறாரே என்று. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பாத்தியா என்பார்.

பிறகு படிப்பு முடிந்தது. மொழியியலில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன், கூடவே பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்தேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி உரையாடல் நடத்தினேன். பல்வலி, ரயில், விடுதி அறை. ஒரு தடவை, சாவுச் சேதியையும் சேர்க்கலாமா என்று துறையில் கேட்டேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எதற்கு அது என்றார்கள்.

ஒரு நாள் காலை, வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால் துறையில் என் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். மாமா போன் செய்தார். மாமா எனக்குப் போன் செய்கிறவர் இல்லை. எடுத்ததும் அவருடைய மூச்சு கேட்டது.

"ஒங்கப்பா சொல்லி வச்சிருந்தாரும்மா, ஒனக்கு நேராத்தான் சொல்லணும்னு. என்கிட்டயும் சொன்னாரு, ஸ்டாண்டுலயும் சொல்லி வச்சிருந்தாரு" என்றார். அப்புறம், மௌத் என்றும் சொல்லாமல், தவறிட்டார் என்றும் சொல்லாமல், அவர் வாயில் நான் கேட்டே இராத அந்த மொட்டைச் சொல்லைச் சொன்னார். "அப்பா செத்துப்போயிட்டாரும்மா."

மாமாவின் கடை வாசலில் உட்கார்ந்து அப்பா டீ சொல்லியிருக்கிறார். டீ வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது உயிர் இல்லை. மாமா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்ற பயத்தோடு. நான் கேட்டது அப்படியே கிடைத்தது. பாதிப் பேச்சில் அவர் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குச் சீரியஸ்னு சொல்லிருக்கு. வில்பட்டியில இருந்து வந்துக்கிட்டு இருக்காங்க."

அம்மா எப்படி வந்துகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சேலை மாற்றியிருப்பாள். பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்திருப்பாள். ஒரு பையில் துண்டு, டம்ளர், அப்பாவின் பனியன், மஃப்ளர். ஆஸ்பத்திரியில் குளிரும் என்று இரண்டாவது போர்வையைத் தேடி எடுத்திருப்பாள். அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கிப் பார்த்திருப்பாள். என் கட்டுரையில் அந்த பிளாஸ்க் இல்லை. சொல்பவருக்கும் தெரியும் கேட்பவருக்கும் தெரியும் என்று எழுதினேனே தவிர, தெரிந்த பிறகும் எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு பை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என்னிடம் எடுத்துப்போக ஒன்றும் இல்லை. ஒரு பகல் முழுக்கப் பஸ், வத்தலக்குண்டு, காட்ரோடு, மலை வளைவுகள், எல்லாம் எனக்காக நீண்டு கிடந்தன. அத்தனை தூரமும் நான் வெறுங்கையோடு, தெளிவாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அம்மாவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற தாய்மேல், அந்த நேரத்தில், வயிறு எரிகிற பொறாமை. அவள் டவுன் வந்து சேரும் வரைக்கும் அவளுடைய புருஷன் உயிரோடு இருந்தார். என் அப்பாவை நானே பேசிப் பேசி அந்தக் கொஞ்ச நேரமும் இல்லாமல் பண்ணிக்கொண்டேன்.

"இருக்கியாம்மா?" என்றார் மாமா.

"இருக்கேன் மாமா. அப்பா பக்கத்துலயா இருக்கீங்க?"

"பக்கத்துலதாம்மா."

"போன அவரு காதுல வைங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தடவை பார்த்தவர். துணி விலகும் சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. அயல்மொழியில் பட்டம் வாங்கியவள் நான், அதற்கு மேல் மொழியைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறவள். ஒரு சொல்லும் வரவில்லை. பீன்ஸ் என்ன விலை போனது, ஜீப்புக்குப் பிரேக் பார்த்தீர்களா என்று வழக்கமாகக் கேட்பதைக்கூடக் கேட்க முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்றுதான் வந்தது, யாரும் என்னிடம் சொல்லாத அந்த ‘உடனே கிளம்பி வா’வுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

"கெளம்பிட்டேம்ப்பா" என்றேன்.

அப்போது நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.